ஏழரை மணி மீட்டிங்குக்கு ஏன் ஏழரை பிடிக்கிறது?

கேள்வி: சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டீம் லீடாக இருக்கிறேன். திங்கள்தோறும் மாலை 7.30க்கு நியூயார்க் வாடிக்கையாளரோடும் எங்கள் லண்டன் டீமோடும் மீட்டிங். குளிர்காலம் முழுக்கப் பிரச்சினையே இல்லை. 2026 மார்ச் 9ஆம் தேதி நியூயார்க் ஆட்கள் ஒரு மணி நேரம் முன்பே வந்து, காத்திருந்துவிட்டுப் போய்விட்டார்கள். அடுத்த வாரம் 6.30க்கு மாற்றினேன். நியூயார்க் சரியானது, லண்டன் ஆட்கள் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள். வருடம் இரண்டு முறை இதே கூத்து. "நேர மாற்றத்தையே எடுத்துவிடப் போகிறார்கள், அதுவரை பொறு" என்கிறார் மேனேஜர். பொறுக்கலாமா, வேறு வழி உண்டா?

பதில்: பொறுக்க வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறோம், முதலில் மீட்டிங்கைச் சரிசெய்துவிடலாம்.

கோடை நேரம் என்பது கோடை மாதங்களுக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, குளிர்காலத்துக்குத் திரும்பப் பின்னே வைப்பது. அமெரிக்காவில் மார்ச் மாதத்து இரண்டாவது ஞாயிறு அதிகாலை 1.59க்கு அடுத்த நிமிடம் 2 அல்ல, 3 மணி. நியூயார்க்கில் அது நடக்கும் கணத்தில் நமக்கு ஞாயிறு பகல் 12.30. அதுவரை நாம் அவர்களைவிடப் பத்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம், அந்தக் கணத்திலிருந்து ஒன்பதரை. நீங்கள் இன்வைட்டை இந்திய நேரத்தில் போட்டிருக்கிறீர்கள். அதனால் காலண்டர் உங்கள் 7.30ஐ அசைக்கவில்லை, நியூயார்க் திரையில் இருந்த 9 மணிதான் 10 ஆனது. மாதக்கணக்கில் 9க்கு வந்து பழகியவர்கள் திரையைப் பார்க்காமல் வந்துவிட்டார்கள். காலண்டர் மேல் குற்றமில்லை. மீட்டிங்கை எந்த ஊர்க் கடிகாரத்தில் கட்டியிருக்கிறோம் என்று யாரும் யாருக்கும் சொல்லவில்லை, அதுதான் கோளாறு.

லண்டன் கதை வேறு. பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியமும் மார்ச் கடைசி ஞாயிறு, நமக்குக் காலை 6.30 ஆகும்போது மொத்தமாக மாறுகின்றன. 2026இல் அமெரிக்காவுக்கு மார்ச் 8, ஐரோப்பாவுக்கு மார்ச் 29. நடுவில் மூன்று வாரம். திரும்பும்போது ஐரோப்பா முந்திக்கொள்ளும்: அக்டோபர் 25. அமெரிக்கா நவம்பர் 1. 2027இல் இதே வரிசையில் மார்ச் 14, மார்ச் 28, அக்டோபர் 31, நவம்பர் 7. இந்த இடைவெளி வாரங்களில் நியூயார்க்குக்கும் லண்டனுக்கும் ஐந்து மணி நேரத்துக்குப் பதில் நான்குதான் வித்தியாசம். நீங்கள் எவ்வளவு சாமர்த்தியமாகத் திட்டமிட்டாலும் அந்த வாரங்களில் யாராவது ஒருவர் நகர்ந்தே ஆகவேண்டும். யார் என்பதை முன்கூட்டியே முடிவு செய்வதுதான் உங்கள் வேலை.

எங்கள் யோசனை: நியூயார்க் காலை 9 மணியைக் கம்பமாக நடுங்கள். கோடையில் அது லண்டனில் மதியம் 2, சென்னையில் மாலை 6.30. குளிர்காலத்தில் லண்டனில் அதே 2, சென்னையில் 7.30. இடைவெளி வாரங்களில் லண்டனில் 1, சென்னையில் 6.30. வாடிக்கையாளர் எப்போதும் அசைய வேண்டியதில்லை. லண்டன் அந்தச் சில வாரங்கள் மட்டும் சாப்பாட்டு நேரத்தை விட்டுக்கொடுக்கும். நாம் வருடத்தில் இரண்டு முறை நகர்வோம். மாறாக இந்திய நேரத்திலேயே கட்டி வைத்தால் மற்ற இருவரும் வெவ்வேறு வாரத்தில் நகர வேண்டியிருக்கும், நீங்கள் பட்டது அதுதான்.

கூகுள் காலண்டரில் மீட்டிங்கின் முழுப் பக்கத்தைத் திறந்தால் நேரத்துக்குப் பக்கத்தில் 'டைம் ஸோன்' என்று இருக்கும். அதை அழுத்தி நியூயார்க் என்று ஊர்ப்பெயர் உள்ள வரியைத் தேர்ந்தெடுத்து 9 மணி என்று போடுங்கள். அவுட்லுக்கிலும் அப்பாயின்ட்மென்ட் பக்கத்தில் டைம் ஸோன் பொத்தான் உண்டு. பழைய தொடரைத் திருத்தாதீர்கள். அதற்கு ஒரு கடைசித் தேதி போட்டு முடித்துவிட்டுப் புதிதாக அனுப்புங்கள், பாதி பேரிடம் பழையது ஒட்டிக்கொண்டு நிற்கும் தொல்லை இருக்காது. தலைப்பிலேயே 'நியூயார்க் நேரம் காலை 9' என்று எழுதிவிடுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் முந்தைய வியாழன் ஒரு வரி மெயில் போகட்டும்.

அந்த மெயிலில் மூன்றெழுத்துச் சுருக்கம் வேண்டாம். ஜூலையில் 'ஈஎஸ்டி' என்று எழுதுபவர் நியூயார்க் நேரத்தைத்தான் நினைத்து எழுதுகிறார், ஆனால் அது குளிர்கால நேரத்தின் பெயர். அதை நம்பிக் கணக்குப் போடுபவர் ஒரு மணி நேரம் பிசகுவார். ஐஎஸ்டி என்றால் நமக்கு இந்திய நேரம், டப்ளினில் ஐரிஷ் நேரம், டெல் அவிவில் இஸ்ரேல் நேரம். பிஎஸ்டி (BST) லண்டனில் கோடை நேரம், டாக்காவில் வங்கதேச நேரம். ஊர்ப்பெயர் எழுதினால் இந்தக் குழப்பம் ஏதுமில்லை.

நள்ளிரவை ஒட்டிய மீட்டிங்குகளில் கூடுதல் கவனம் வேண்டும். நியூயார்க் மதியம் 2 மணி கோடையில் நமக்கு இரவு 11.30, குளிர்காலத்தில் 12.30. நேரத்தோடு தேதியும் கிழமையும் மாறிவிடும். வெள்ளிக்கிழமை மீட்டிங் நமக்குச் சனிக்கிழமை ஆகிவிடும். இரவு கேப் (அலுவலக வண்டி) பட்டியலில் பழைய கிழமையே நிற்க, பின்னிரவில் வாசலில் ஆள் நிற்பது இப்படித்தான்.

சர்வரில் நியூயார்க் நேரப்படி ஓடும் க்ரான் ஜாப் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலை) இருந்தால் ஞாயிறு அதிகாலை 1 முதல் 3 வரை எதையும் வைக்காதீர்கள். மார்ச்சில் 2.30 என்ற நேரமே வராது. நவம்பரில் 1.30 இரண்டு முறை வரும். முதலாவதில் ரிப்போர்ட் ஓடாமல் போகலாம், இரண்டாவதில் பில் இரண்டு தடவை போகலாம். நடந்து முடிந்தவற்றை யுடிசியில் (எந்த ஊருக்காகவும் மாறாத உலகப் பொது நேரத்தில்) சேமியுங்கள். நடக்கப்போகிறவற்றை உள்ளூர் நேரமும் ஊர்ப்பெயருமாகச் சேமியுங்கள். எதிர்கால மீட்டிங்கையும் யுடிசியாக மாற்றி வைத்துவிட்டு, இடையில் ஒரு நாடு சட்டத்தை மாற்றினால் மாட்டிக்கொள்பவர்கள் பலர்.

மற்ற ஊர்களைப் பற்றிச் சுருக்கமாக: துபாய், சிங்கப்பூர் மாறுவதில்லை. அரிசோனாவின் ஃபீனிக்ஸ் மாறாது, வருடம் முழுக்க நமக்குப் பன்னிரண்டரை மணி பின்னால். சிட்னி தலைகீழ்: அக்டோபர் முதல் ஞாயிறு முன்னே போகும், ஏப்ரல் முதல் ஞாயிறு பின்னே வரும். பிரிஸ்பேன் மாறாது.

இனி உங்கள் மேனேஜர் சொன்னது. நேர மாற்றத்தை எடுத்துவிட வேண்டும் என்பதில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பெரிய கருத்து வேற்றுமை இல்லை. எந்த நேரத்தில் கடிகாரத்தை நிறுத்துவது என்பதில்தான் சண்டை. நிரந்தரக் கோடை நேரத்துக்கான மசோதா 2022 மார்ச் 15 அன்று அமெரிக்க செனட்டில் எதிர்ப்பில்லாமல் நிறைவேறியது, பிரதிநிதிகள் சபை எடுத்துக்கொள்ளவே இல்லை. ஐரோப்பிய நாடாளுமன்றம் 2019 மார்ச்சில் 410க்கு 192 என்று வாக்களித்து, 2021இல் முடித்துவிடலாம் என்றது. உறுப்பு நாடுகள் எந்த நேரத்தை வைத்துக்கொள்வது என்று ஒத்துப்போகவில்லை.

கோடை நேரத்தையே வைத்துக்கொண்டால் மாலையில் வெளிச்சம் கிடைக்கும், கடைக்காரர்களுக்கும் விளையாட்டுக்காரர்களுக்கும் அது பிடிக்கும். ஆனால் ஜனவரியில் டெட்ராய்ட்டில் சூரியன் காலை 9 மணிக்குத்தான் எழும். எண்ணெய் நெருக்கடியின்போது 1974 ஜனவரியில் அமெரிக்கா இதைச் செய்து பார்த்தது. குழந்தைகள் கும்மிருட்டில் பள்ளிக்குப் போவதைப் பெற்றோர் சகிக்கவில்லை, அந்த ஆண்டு அக்டோபரிலேயே கைவிட்டார்கள். ரஷ்யா 2011இல் நிரந்தரக் கோடை நேரத்துக்குப் போய் 2014இல் நிரந்தரக் குளிர்கால நேரத்துக்கு வந்தது. தூக்க மருத்துவர்கள் கேட்பதும் குளிர்கால நேரத்தைத்தான். அப்படி வைத்தால் ஜூனில் நியூயார்க்கில் நாலரைக்குள் விடிந்துவிடும். அந்த வெளிச்சம் வீண் என்பது எதிர்த்தரப்பு.

மின்சாரம் மிச்சமாகிறது என்ற பழைய வாதம் இப்போது மெலிந்துவிட்டது. 2007 முதல் அமெரிக்கா கோடை நேரத்தை ஏறக்குறைய நான்கு வாரம் நீட்டியதில் ஆண்டு மின் நுகர்வில் மிச்சமானது 0.03 சதவீதம் என்று அவர்களுடைய எரிசக்தித் துறையே கணக்கிட்டது. இந்தியானா மாநிலம் 2006இல் இதற்கு மாறியபோது வீட்டு மின் செலவு ஒரு சதவீதம் போலக் கூடியது. விளக்கில் மிச்சமானதை ஏசி தின்றுவிட்டது.

நம் பக்கம் இது எடுபடவே எடுபடாது. லண்டனில் கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் கிட்டத்தட்ட ஒன்பது மணி நேர வித்தியாசம், சென்னையில் ஒன்றரை மணி நேரம்தான். போர்க்காலத்தில், 1942 முதல் 1945 வரை, இந்தியாவில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே வைத்திருந்தார்கள். மின்தட்டுப்பாட்டில் 1996 மே மாதம் இலங்கை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது, அக்டோபரில் பாதியைக் குறைத்தது, மீதி அரை மணி நேரம் 2006 ஏப்ரல் வரை நின்றது.

சட்டம் என்றாவது மாறினாலும் உங்கள் புது இன்வைட்டுக்கு ஆபத்தில்லை. ஊர்ப்பெயரில் கட்டியிருப்பதால் கணினியும் போனும் அப்டேட் ஆனதும் அதுவே சரியாகிவிடும், அப்டேட்டைத் தள்ளிப்போடாமல் இருந்தால் போதும். நியூயார்க் நிரந்தரக் கோடை நேரத்துக்குப் போனால் உங்களுக்கு வருடம் முழுக்க 6.30, நிரந்தரக் குளிர்கால நேரம் என்றால் 7.30. லண்டன் தன் வழக்கத்தை மாற்றாவிட்டால் முதலாவதில் அவர்களுக்குக் குளிர்கால மீட்டிங் மதியம் 1 மணி, இரண்டாவதில் கோடை மீட்டிங் 3 மணி. அன்றைக்கு நீங்கள் பேச வேண்டியது லண்டன் டீமிடம் மட்டும்தான்.