பூ கட்டும் கை

அன்புள்ள ஐயா,

அம்மாவுக்கு 79 வயது. காபி குடித்த அரை மணியில் "இன்னும் காபி தரலையா?" என்று கேட்கிறார். ஆனால் உதிரி மல்லியும் வாழைநாரும் மடியில் வைத்தால் போதும், பேசிக்கொண்டே இரண்டு முழம் கட்டிவிடுகிறார். "இது மட்டும் மறக்கலையாக்கும், எல்லாம் நடிப்பு" என்கிறார் அண்ணன். அப்படியும் இருக்குமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நடிப்பில்லை. அண்ணனிடம் ஹென்றி மொலைசன் கதையைச் சொல்லுங்கள்.

அமெரிக்காவில் கனெக்டிகட்காரர். வலிப்பு தாங்காமல் 1953ல், 27 வயதில், மூளையில் அறுவை செய்துகொண்டார். வில்லியம் ஸ்கோவில் என்ற மருத்துவர் இரு பக்கமும், புது நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் பெரும்பங்கை எடுத்துவிட்டார். வலிப்பு குறைந்தது. ஆனால் அதற்குப் பிறகு நடந்த ஏறக்குறைய எதுவும் மொலைசனின் நினைவில் தங்கவில்லை. 2008ல் இறக்கும்வரை இதே நிலைதான்.

ஒருமுறை 584 என்ற எண்ணை நினைவில் வைக்கச் சொன்னார்கள். கால் மணி கழித்துச் சரியாகச் சொன்னார். எப்படி என்றால், மூன்றையும் கூட்டினால் 17, அதில் 8 போனால் 9, அதைப் பிரித்தால் 5, 4 என்று மனதுக்குள் உருட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். பேச்சு மாறியதும் எண் போனது. எண் ஒன்று கொடுத்தார்கள் என்பதும் போனது.

பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் அவருக்கு வேறொரு சோதனை வைத்தார். இரட்டைக்கோட்டு நட்சத்திரம் ஒன்று. கையைக் கண்ணாடியில் மட்டுமே பார்த்து, இரு கோடுகளுக்கும் நடுவே பென்சிலை ஓட்டவேண்டும். வீட்டில் செய்து பாருங்கள், முனை திரும்பும் இடத்தில் கை திண்டாடிப்போகும். மொலைசனும் திண்டாடினார். ஆனால் மூன்றாம் நாள் ஏறக்குறைய பிசகே இல்லை. இதற்குமுன் இதைச் செய்ததாக மட்டும் அவருக்கு ஞாபகமில்லை!

கை பழகுவதற்கு ஹிப்போகாம்பஸ் வேண்டாம். சிறுமூளை போன்ற வேறு பகுதிகள் பார்த்துக்கொள்ளும். காலையில் காபி குடித்தோம் என்பது பதியத்தான் ஹிப்போகாம்பஸ் வேண்டும். என் ஏடிஎம் எண்ணைக் கேட்டால் எனக்கே சொல்லத் தெரியாது, இயந்திரத்தின் முன் நின்றால் விரல் அழுத்திவிடும். அம்மாவுக்கு நாரில் முடிச்சு போடுவது எத்தனை வருடப் பழக்கம்!

அதற்காக, வயசானால் இப்படித்தான் என்று விட்டுவிடாதீர்கள். நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். தைராய்டு கோளாறு, பி12 குறைவு இவற்றாலும் மறதி வரும். அவற்றுக்கு மருந்து உண்டு.

அப்புறம், "இப்பத்தானே குடிச்சே?" என்று வாதாட வேண்டாம். அவரைப் பொறுத்தவரை அந்தக் காபி வரவே இல்லை. அரை டம்ளர் கொடுங்கள், டிகாக்‌ஷனைக் குறைத்து.