மூன்று கம்பெனி, ஒரே காரா?

அமெரிக்காவின் நாஸ்கார் கார் பந்தயத்தில் ஷெவர்லே கமாரோ, ஃபோர்டு மஸ்டாங், டொயோட்டா கேம்ரி மூன்றும் ஒன்றுபோலவே இருக்கின்றன, எந்தக் கம்பெனியை ஆதரிப்பது என்று கேட்டிருந்தீர்கள். குழப்பம் நியாயமானதுதான். 2022-ல் வந்த புதிய காரில் சேஸிஸ், கியர்பாக்ஸ், சஸ்பென்ஷன் எல்லாவற்றையும் எல்லா அணிகளும் ஒரே சப்ளையர்களிடம்தான் வாங்க வேண்டும். கம்பெனிகளுக்கு மிஞ்சுவது இன்ஜினும் வெளித்தோற்றமும். அந்தத் தோற்றத்துக்கும் பந்தயத்தை நடத்தும் நாஸ்கார் அமைப்பின் ஒப்புதல் வேண்டும்.

கம்பெனிகளை அவர்கள் போக்கில் விட்டால் என்ன ஆகும்? 1969-ல் டாட்ஜ் கம்பெனியின் டேடோனா என்ற கார் கூர்மூக்கோடும், பின்னால் உயரமான இறக்கையோடும் வந்தது. அடுத்த வருடம் பிளிமத் கம்பெனி அதேபோல் சூப்பர்பேர்ட் என்ற காரைக் கொண்டுவந்தது. அதை ஓட்டுவதற்காகவே நட்சத்திர ஓட்டுநர் ரிச்சர்ட் பெட்டி ஃபோர்டை விட்டு பிளிமத்துக்குத் திரும்பி வந்தார். 1971-ல் இறக்கை வைத்த கார்களுக்கு 305 கன அங்குலச் சின்ன இன்ஜின்தான் என்று நாஸ்கார் விதி போட்டது, கதை முடிந்தது. எனக்கு இன்னும் அந்தக் கார்கள்தான் அழகு. ஆனால் பொதுக் கார் வந்த 2022 சீசனில் 19 வெவ்வேறு ஓட்டுநர்கள் பந்தயம் ஜெயித்தார்களே, அதையும் மறுக்க முடியாது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். முதலில் ஓர் ஓட்டுநரைப் பிடியுங்கள். அப்புறம் டலடேகா, டேடோனா என்ற பெரிய ஓடுதளங்களில் நடக்கும் பந்தயங்களைப் பாருங்கள்: ஒரே கம்பெனியின் கார்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வரிசையாக ஓடும். கம்பெனி அரசியல் அங்கேதான் கண்ணில் படும்.