பி.ஏ. பிரெஞ்சு, மார்க் இருக்கு, பேச வரலை

பி.ஏ. பிரெஞ்சு படித்தது வீணா என்று கேட்கிறீர்கள். வீணில்லை தம்பி, ஆனால் கம்பெனிக்காரன் பார்ப்பது டெல்ஃப் பி2, அதாவது பிரெஞ்சு மொழித் திறனுக்கான சான்றிதழ்த் தேர்வில் பி2 நிலை. இரண்டாம் வருடம், 80க்கு மேல் மார்க், ஆனாலும் பெங்களூரு இன்டர்வியூவில் வாய் வரவில்லை என்கிறீர்கள். பிளஸ் டூவில் மார்க்குக்காகப் பிரெஞ்சு எடுத்த பழக்கமாக இருக்கும். காது பழகவே இல்லை. நானும் கிருஷ்ணகிரியிலிருந்து அப்படித்தான் போய் முழித்தேன்.

பிரான்சின் ஆர்எஃப்ஐ வானொலியின் எளிய பிரெஞ்சுச் செய்தி, 10 நிமிடம்தான், ஓசூர் பஸ்ஸிலேயே கேட்டுப் பாருங்கள். பாதிகூடப் பிடிபடவில்லையா, இலக்கண நோட்டை மூடிவிட்டு ஆறு மாதம் கேளுங்கள், கூடவே சத்தமாகத் திருப்பிச் சொல்லுங்கள் (வீட்டில் சிரிப்பார்கள், பரவாயில்லை).

பி2வில் 100க்கு 50 பாஸ், ஆனால் கேட்பது, படிப்பது, எழுதுவது, பேசுவது என நான்கு பகுதியிலும் 25க்கு 5 கட்டாயம். பேச்சில் கோட்டை விட்டால் மொத்தமும் போச்சு. சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லும்.

மொழி மட்டும் சோறு போடாது, அப்புறம் அக்கவுண்ட்ஸும் கற்றுக்கொண்டேன், இன்று பிரெஞ்சு இன்வாய்ஸ்தான் பிழைப்பு.