பழைய நாலு கதவுக் காரின் பில்லர்களையும் ஷட்டர்களையும் எப்படி வரைவது?

1960 வாக்கில் ஓடிய மாதிரி ஒரு நாலு கதவுக் காரை மொடலுக்காக வரைகிறீர்கள், பொனட்டும் மட்காட்டும் பழசாகவே வருகிறது, ஷட்டர் (ஏற்றி இறக்கும் கதவுக் கண்ணாடி) பக்கம் மட்டும் நேற்றுக் கப்பலில் இறங்கிய கார் போலத் தெரிகிறது என்கிறீர்கள். எனக்கும் இதே கோளாறு இருந்தது. நான் படித்த வடிவமைப்பாளன் இல்லை, கொழும்பு வெள்ளவத்தையில் அப்பாவின் நாலு கதவு மொறிஸ் மைனரைப் பிரித்துப் பூட்டியவன், அவ்வளவுதான். கதவின் உள்தட்டியைக் கழற்றிய அன்றுதான் விஷயம் பிடிபட்டது: இறக்கினால் கண்ணாடி எங்கே போகும் என்பதை முதலில் தீர்மானியுங்கள், கூரையைத் தாங்குகிற பில்லரெல்லாம் அப்புறம்.

அந்தக் காலக் கதவில் கண்ணாடி இரண்டு பக்கமும் சமாந்தரமான தவாளிப்புகளுக்குள் ஏறி இறங்கும். ஆனால் முன்னாலுள்ள ஏ பில்லர் சரிந்து நிற்கிறது, நடுவிலுள்ள பி பில்லர் ஏறக்குறைய நேராக நிற்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவே ஓரங்கள் சமாந்தரமான கண்ணாடியை வைத்துப் பாருங்கள், முன்மூலையில் ஒரு முக்கோணம் மிஞ்சும். திருப்பித் திறக்கிற அந்தச் சின்னக் கண்ணாடி அங்கேதான் உட்காருகிறது. ஏசி இல்லாத காரில் கொழும்பின் காலி வீதி வெயிலுக்கு அதைத் திருப்பிவிட்டால் காற்று நேரே நெஞ்சில் அடிக்கும். அதை அழகுக்கு வைத்தது என்று நெடுநாள் நினைத்திருந்தேன்!

பின் கதவு இன்னும் சிக்கல். கீழே பின் சக்கரத்தின் வளைவு கதவைக் கடித்துக்கொண்டு போகிறது, மேலே அகலமாக வரைந்த கண்ணாடி இறங்கினால் அந்த வளைவில் போய் முட்டும். அதனால் பல கார்களில் பின்பக்கம் ஒரு கம்பி நிறுத்தி, அதற்குப் பின்னால் அசையாத துண்டு ஒன்றைப் பொருத்தினார்கள், சிலவற்றில் கண்ணாடி பாதிதான் இறங்கும். கம்பி எங்கே வரும் என்பதைச் சக்கரம்தான் சொல்லும், ஆகவே சக்கரத்தை வரைந்துவிட்டுக் கதவுக்கு வாருங்கள்.

உங்கள் படத்தில் பக்கக் கண்ணாடிகளை வெளிப்பக்கம் வளைத்திருந்தால் அதை முதலில் தட்டையாக்குங்கள். அமெரிக்கத் தயாரிப்புக் கார்களில் வளைந்த பக்கக் கண்ணாடி 1957 இம்பீரியலில்தான் முதலில் வந்தது. முன் கண்ணாடிகூட மொறிஸ் மைனரில் 1956 வரை நடுவில் கம்பி வைத்த இரண்டு தட்டைத் துண்டுகள், அதன்பிறகுதான் வளைந்த ஒற்றைக் கண்ணாடியும் மெலிந்த பில்லர்களும். அப்புறம் கதவுகளுக்கு மேலே கூரையோரமாக ஓடுகிற மழைநீர்க் கானை மறக்காதீர்கள். அந்த ஒரு கோடு இல்லாவிட்டால் எந்தக் காரும் பழசாகத் தெரியாது.

பி பில்லரை மெல்லிசாக்க ஆசை வரும். ஆனால் பின் கதவின் கீல்கள் அதில்தான் தொங்குகின்றன, முன் கதவின் பூட்டும் அதில்தான் விழுகிறது. இரண்டு கீல்களும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும், பக்கம் தொப்பை வைத்த காரென்றால் அவற்றை நெருக்கமாக வைப்பதைத் தவிர வழியில்லை. 1937இல் லான்சியா அப்ரிலியாவில் பி பில்லரையே தூக்கிவிட்டு, எதிரெதிராகத் திறக்கும் கதவுகளைக் கூரையிலும் தரையிலும் பூட்டவைத்தார்கள். வடிவான வேலை, ஆனால் எல்லோருக்கும் கைவராது. என் மைனரில் பி பில்லரின் அடி துருப்பிடித்திருந்தது. ஒரு கராஜில் தகடு வேலை செய்கிற டிங்கரிங் பாஸ் உள்ளே முட்டுக் கொடுக்காமல் அதை வெட்டிவிட்டார். தனிச் சேசிஸ் இல்லாத கார், தரையும் பில்லரும் கூரையும் சேர்ந்துதான் பாரம் தாங்கும். புதுத் தகடு ஒட்டியபிறகு பின் கதவு பூட்டவே இல்லை, விரலளவு தொங்கியது. திரும்ப முதலிலிருந்து.

பின்னாலுள்ள சி பில்லரில் மட்டும் கொஞ்சம் இஷ்டப்படி விளையாடலாம், ஏனென்றால் அதற்குள் எதுவும் ஏறி இறங்காது. 1961 பிஎம்டபிள்யூ 1500இல் அதன் அடியை முன்னோக்கி மடித்தது இன்றுவரை அந்தக் கம்பனியின் அடையாளம். பெஜோ 404ஐயும் 1959 ஆஸ்டின் கேம்பிரிட்ஜையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், இரண்டும் இத்தாலிய வடிவமைப்பு நிறுவனமான பினின்ஃபரீனா வரைந்தவை, கூரையும் பின் பில்லரும் அண்ணன் தம்பி மாதிரி.

காகித அட்டையில் கண்ணாடியை வெட்டி, படத்தின் மேல் வைத்துக் கீழே தள்ளிப் பாருங்கள். முட்டினால் கம்பியை முன்னுக்கு நகர்த்துங்கள். முடிந்தால் ஒரு காலை கொழும்பில் பழைய வாகன உதிரிப்பாகம் விற்கிற பஞ்சிகாவத்தைப் பக்கம் போய், கழற்றிப் போட்ட பழைய பின் கதவு ஏதாவது கிடைக்குமா என்று விசாரியுங்கள், வாங்காவிட்டாலும் உள்ளே எட்டிப் பார்க்கவாவது விடுவார்கள்.