வீட்டுக்கு ஹைட்ரஜன் மின்சாரம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஹைட்ரஜன் எரிபொருள் கலத்தைக் கொண்டு வீட்டுக்கு மின்சாரம் பெறுவது குறித்துப் பல வாசகர்கள் எழுதியிருந்தார்கள். ஒன்றுபோல் அமைந்த கேள்விகளைச் சேர்த்து இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: எரிபொருள் கலம் என்பது பேட்டரியா, ஜெனரேட்டரா? அதை வீட்டில் வைத்துவிட்டால் மின் இணைப்பே தேவையில்லை என்கிறார்களே, உண்மையா?

பதில்: இரண்டின் குணமும் அதில் உண்டு. பேட்டரியைப் போல அது வேதிவினையிலிருந்து நேரடியாக மின்சாரம் தருகிறது. ஜெனரேட்டரைப் போல, வெளியிலிருந்து எரிபொருள் வந்துகொண்டிருக்கும் வரை மட்டுமே இயங்குகிறது. வீடுகளுக்குப் பரவலாகப் பயன்படும் வகையில், நடுவே ஒரு மெல்லிய சவ்வும் அதன் ஒருபுறம் ஹைட்ரஜனும் மறுபுறம் காற்றும் இருக்கும். பிளாட்டினம் பூசிய மின்முனையில் ஹைட்ரஜன் தன் எலக்ட்ரானை இழக்க, எஞ்சும் புரோட்டான் சவ்வைக் கடந்து மறுபுறம் செல்கிறது. எலக்ட்ரானைச் சவ்வு அனுமதிப்பதில்லை. ஆகவே அது வெளிக்கம்பி வழியாகச் சுற்றிச் செல்ல நேர்கிறது, அந்த ஓட்டமே நமக்குக் கிடைக்கும் மின்சாரம். மறுபுறத்தில் இவை ஆக்ஸிஜனுடன் சேர்ந்து தண்ணீராகின்றன. ஒரு கலம் 0.6 முதல் 0.7 வோல்ட் வரையே தருவதால், பல கலங்களை அடுக்கித் தேவையான மின்னழுத்தத்தைப் பெறுகிறார்கள். பிரிட்டிஷ் அறிவியலாளர் வில்லியம் குரோவ் இதன் முதல் வடிவத்தை 1839-லேயே செய்து காட்டிவிட்டார்; எனவே இதைப் புத்தம் புதிய கண்டுபிடிப்பு என்று சொல்வதற்கில்லை.

மின் இணைப்பைத் துண்டித்துவிடலாமா என்றால், அது ஹைட்ரஜன் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது. இன்று உலகில் தயாராகும் ஹைட்ரஜனின் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் எடுக்கப்படுகிறது. தண்ணீரைப் பிரித்தும் எடுக்கலாம். அதற்கு மின்சாரம் வேண்டும். ஆக, எரிபொருள் கலம் ஆற்றலை உண்டாக்குவதில்லை; வேறெங்கோ செலவான ஆற்றலின் ஒரு பகுதியைத் திருப்பித் தருகிறது.

கேள்வி: கூரையில் சோலார் தகடுகள் உள்ளன. பகலில் மிஞ்சும் மின்சாரத்தைக் கொண்டு ஹைட்ரஜன் தயாரித்துச் சேமித்து, இரவில் பயன்படுத்த விரும்புகிறேன். பேட்டரியை விட இது நல்லதா?

பதில்: அன்றாட இரவுத் தேவைக்கு நல்லதல்ல என்பதே எங்கள் கருத்து. காரணத்தைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

ஒரு கிலோ ஹைட்ரஜனில் உள்ள ஆற்றல் ஏறத்தாழ 33 யூனிட். எரிபொருள் கலம் இதில் பாதி அளவை மின்சாரமாக மாற்றும், எஞ்சியது வெப்பமாகிவிடும். காற்றூதி, பம்பு, இன்வெர்ட்டர் ஆகியவை எடுத்துக்கொள்வதையும் கழித்தால், வீட்டுக்கு வந்து சேர்வது சுமார் 15 யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம். அதே ஒரு கிலோவைத் தண்ணீரிலிருந்து பிரித்தெடுக்க மின்பகுப்புக் கருவிக்கு 50 முதல் 55 யூனிட் வரை செலவாகிறது. அதாவது, இரவில் 10 யூனிட் தேவைப்படும் வீடு பகலில் ஏறக்குறைய 36 யூனிட்டை ஹைட்ரஜனுக்காக ஒதுக்கியாக வேண்டும். லித்தியம் பேட்டரியாக இருந்தால் இதே வேலைக்கு 11 அல்லது 12 யூனிட் போதும். நல்ல வெயில் விழும் இடத்தில் ஒரு கிலோவாட் தகடு நாளொன்றுக்கு 4 யூனிட் தருமானால், பேட்டரிக்கு 3 கிலோவாட் தகடுகளும், ஹைட்ரஜனுக்கு 9 கிலோவாட் தகடுகளும் வேண்டும். மூன்று மடங்கு கூரை எத்தனை வீடுகளில் இருக்கிறது?

இடப் பிரச்சினை வேறு. சாதாரண அழுத்தத்தில் ஒரு கிலோ ஹைட்ரஜன் சுமார் 11 கனமீட்டர் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். சிலவகை மின்பகுப்புக் கருவிகள் கம்ப்ரஸர் இல்லாமலேயே 30 பார் (சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல் சுமார் 30 மடங்கு) அழுத்தத்தில் வாயுவைத் தருகின்றன. அந்த அழுத்தத்தில்கூட ஒரு கிலோவுக்கு 400 லிட்டருக்கு மேல் கொள்ளும் தொட்டி தேவை. கார்களில் உள்ளதுபோல 700 பார் அழுத்தத்தில் அடைத்தால் தொட்டி சிறிதாகும். ஆனால் அதற்கான கம்ப்ரஸரும் கார்பன் இழைத் தொட்டியும் வீட்டுச் செலவுக்குள் அடங்குபவை அல்ல. உலோகத் தூளில் ஹைட்ரஜனை ஊறவைத்துச் சேமிக்கும் உலோக ஹைட்ரைடு முறை பாதுகாப்பானது, இடமும் குறைவாகவே பிடிக்கும். ஆனால் எடை மிக அதிகம். லாந்தனம்–நிக்கல் கலவை தன் எடையில் ஒன்றரை சதவீதம்கூட ஹைட்ரஜனை ஏற்பதில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் ஹைட்ரஜன் வெல்லும் ஓர் இடம் இருக்கிறது. கோடையில் வெயில் மிஞ்சி, குளிர்காலத்தில் பல வாரங்கள் சூரியனே சரியாகத் தென்படாத வடக்கு நாடுகளில், மின் கம்பி எட்டாத தனி வீட்டுக்கு, மாதக்கணக்கில் ஆற்றலைச் சேமித்து வைக்க வேண்டியிருக்கிறது. பேட்டரியில் கொள்ளளவை இரட்டிப்பாக்க விரும்பினால் பேட்டரியையே இரட்டிப்பாக்க வேண்டும். ஹைட்ரஜன் அமைப்பிலோ தொட்டியை மட்டும் பெரிதாக்கினால் போதும், கலமும் மின்பகுப்புக் கருவியும் அப்படியே இருக்கும். எனினும் 300 யூனிட் சேமிக்கவே 20 கிலோ ஹைட்ரஜன் தேவை. 30 பார் அழுத்தத்தில் அது 8,000 லிட்டருக்கும் மேற்பட்ட தொட்டி என்பதைத் திட்டமிடுபவர் மனத்தில் கொள்ள வேண்டும்.

கேள்வி: ஜப்பானில் பல லட்சம் வீடுகளில் எரிபொருள் கலம் இருப்பதாகப் படித்தேன். அங்கே மட்டும் எப்படி முடிந்தது?

பதில்: நீங்கள் படித்தது சரி. ‘எனெ-ஃபார்ம்’ என்ற பெயரில் 2009 முதல் விற்கப்படும் அந்தக் கருவிகள் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்குச் சென்றுள்ளன. அரசின் மானியமும் பல ஆண்டுகள் துணை நின்றது. ஆனால் அந்த வீடுகளுக்குக் குழாயில் வருவது ஹைட்ரஜன் அல்ல, சாதாரண நகர எரிவாயு. கருவிக்குள் இருக்கும் ஒரு பகுதி அந்த வாயுவை நீராவியுடன் வினைபுரியச் செய்து ஹைட்ரஜனைப் பிரித்தெடுக்கிறது. அப்போது கார்பன் டை ஆக்சைடும் வெளியேறவே செய்கிறது.

அதன் சிறப்பு வெப்பத்தைக் கையாளும் விதத்தில் இருக்கிறது. சுமார் 0.7 கிலோவாட் மின்சாரம் தரும்போது உண்டாகும் வெப்பத்தை வீணாக்காமல், குளிப்பதற்கும் வீட்டைச் சூடாக்குவதற்குமான வெந்நீராக்கித் தொட்டியில் நிரப்பிவிடுகிறது. மின்சாரத்தையும் வெந்நீரையும் சேர்த்துப் பார்த்தால் எரிவாயுவின் ஆற்றலில் 80 சதவீதத்துக்கு மேல் பயன்பட்டுவிடுகிறது. வெந்நீர்த் தேவை குறைவாக உள்ள வெப்பமான ஊர்களில் இந்தச் சாதகத்தில் பெரும்பகுதி அடிபட்டுப் போகும். இன்னொன்று: தொடக்க கால மாடல்கள் வெளி மின்சாரம் நின்றால் தாமும் நின்றுவிடும். 2011 நிலநடுக்கத்துக்குப் பிறகே மின்தடையின் போதும் இயங்கும் மாடல்கள் சந்தைக்கு வந்தன.

கேள்வி: வீட்டில் ஹைட்ரஜன் வைத்திருப்பது ஆபத்து இல்லையா? பழைய சமையல் எரிவாயு சிலிண்டரில் நிரப்பி வைத்துக்கொள்ளலாமா?

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: கூடவே கூடாது. அந்தச் சிலிண்டர், அதன் வால்வு, ரப்பர் வளையம் எதுவும் ஹைட்ரஜனுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. மிகச் சிறிய மூலக்கூறு என்பதால் அது நுண்ணிய இடைவெளியிலும் கசியும். சிலவகை எஃகுக்குள் ஊடுருவி நாளடைவில் அதை நொறுங்கும் தன்மை உடையதாக்கிவிடும்.

ஆபத்தைப் பொறுத்தவரை, பழகிய சமையல் எரிவாயுவின் பாடங்களை அப்படியே இதற்குப் பொருத்திப் பார்க்க முடியாது. சமையல் எரிவாயு காற்றை விடக் கனமானது; கசிந்தால் தரையில் தேங்கும். ஹைட்ரஜன் காற்றை விடச் சுமார் 14 மடங்கு இலேசானது. கசிந்த கணமே மேலே ஏறும். ஆகவே திறந்தவெளியில் அது விரைவில் கலைந்துவிடுகிறது. மூடிய அறையிலோ கூரையடியில் சேர்ந்துகொள்கிறது. காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை எந்த அளவில் கலந்திருந்தாலும் அது தீப்பிடிக்கும். பற்றவைக்கத் தேவையான பொறியோ மிகச் சிறியது. உலர்ந்த நாளில் கதவுப் பிடியைத் தொடும்போது விரலில் ‘சுரீர்’ என்கிற நிலைமின்சாரம் அதற்குத் தாராளம். பகல் வெளிச்சத்தில் அதன் சுடர் கண்ணுக்குத் தெரிவதே அரிது. கசிவை உணர்த்தச் சமையல் எரிவாயுவில் சேர்க்கப்படும் கந்தகச் சேர்மத்தை இதில் சேர்த்தால் கலத்தின் மின்முனையில் உள்ள பிளாட்டினம் வினையூக்கி கெட்டுவிடும். எனவே மூக்கை நம்ப முடியாது, கருவியைத்தான் நம்ப வேண்டும். தொட்டியையும் மின்பகுப்புக் கருவியையும் வீட்டுக்கு வெளியே, மேற்புறம் திறந்த இடத்தில் வைப்பதும், குழாய் செல்லும் அறைகளில் கூரையை ஒட்டிக் கசிவு உணரியையும் காற்றுப் போக்கியையும் அமைப்பதும் குறைந்தபட்சத் தேவைகள். இதை அனுமதி பெற்ற வல்லுநர்தான் செய்ய வேண்டும்.

கேள்வி: தண்ணீரை மட்டுமே ஊற்றினால் வீடு முழுவதற்கும் மின்சாரம் தரும் கருவியைக் காணொளியில் பார்த்தேன். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். தண்ணீர் என்பது ஏற்கெனவே எரிந்து முடிந்த ஹைட்ரஜன். அதைப் பிரிக்கச் செலவாகும் ஆற்றல், மீண்டும் சேரும்போது கிடைப்பதை விட எப்போதும் அதிகம்.

கேள்வி: உண்மையிலேயே வாங்குவதாக இருந்தால் விற்பவரிடம் என்னென்ன கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்?

பதில்: பயன்திறன் 90 சதவீதம் என்று சொன்னால், அதில் வெப்பம் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு வீட்டின் மின்பலகையில் எத்தனை யூனிட் வந்து சேரும் என்ற ஒரே எண்ணை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. அடுத்து, ஹைட்ரஜனை யார், எந்தத் தூய்மையில் தருவார்கள் என்பது. சவ்வு வகைக் கலத்தை மிகச் சிறிதளவு கார்பன் மோனாக்சைடுகூட முடக்கிவிடும் என்பதால், மலிவான தொழிற்சாலை வாயு உதவாது.

கூடவே ஒரு சிறு பேட்டரியும் வருகிறதா என்று பாருங்கள். தண்ணீர் மோட்டாரோ குளிர்சாதனமோ கிளம்பும் கணத்தில் இழுக்கும் மின்னோட்டத்தைக் கலத்தால் உடனே தர இயலாது. காற்றும் வாயுவும் உள்ளே வந்து சேரச் சற்று நேரம் பிடிக்கும், அந்த இடைவெளியைப் பேட்டரிதான் நிரப்புகிறது. உயர்வெப்பத்தில் இயங்கும் பீங்கான் வகைக் கலமாக இருந்தால் சூடேறுவதற்கே மணிக்கணக்கில் ஆகும்; அதை அணைக்காமல் ஓடவிடுவதே முறை, திடீர் மின்தடைக்கு மட்டும் என்று வாங்கி வைப்பதில் பொருளில்லை. கடைசியாக, கலத்தின் ஆயுளை ஆண்டுகளில் அல்லாமல் இயங்கும் மணி நேரத்தில் கேளுங்கள். இரவு பகலாக ஓடும் கருவிக்கு ஓர் ஆண்டு என்பது 8,760 மணி நேரம்; 40,000 மணி நேர உத்தரவாதம் என்பது பெரிதாகத் தெரிந்தாலும் ஐந்து ஆண்டுகள்கூட ஆகாது. அதன் பிறகு கல அடுக்கை மட்டும் தனியாக மாற்றிக்கொள்ள முடியுமா, அதன் விலை என்ன என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.