புத்தகத்தை மூடி வைக்கச் சொல்லுங்கள்

அன்புள்ள சார்,

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டைலராக இருக்கிறேன். ஒன்பதாவதோடு படிப்பு நின்றுவிட்டது. மகன் அரசுப் பள்ளியில் பத்தாவது படிக்கிறான். அரையாண்டுத் தேர்வு முடிந்து லீவு விட்டிருக்கிறார்கள். காலாண்டில் கணக்கில் 41, அறிவியல் எழுத்துத் தேர்வில் 75-க்கு 29. அரையாண்டும் சரியாக எழுதவில்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. ஆனால் அவன் படிக்காமல் இல்லை சார். காலையில் புத்தகத்தோடு உட்கார்ந்தால் மதியம் வரை எழுந்திருக்க மாட்டான். கேட்டால், "எல்லாம் தெரியும்மா, பரீட்சைல மறந்துடுது" என்கிறான். அவன் அப்பா தினமும் சத்தம் போடுகிறார். பக்கத்துத் தெருவில் லீவு நாட்களில் காலை ஏழு மணி முதல் இரவு ஏழு மணி வரை டியூஷன் வைக்கிறார்கள். பத்து நாளைக்கு நாலாயிரம் ரூபாய். சேர்த்துவிடலாமா? எனக்குச் சொல்லிக் கொடுக்கத் தெரியாது. வீட்டில் நான் என்ன செய்ய முடியும்? பெயர் போட வேண்டாம்.

ஒரு வாசகி, திருப்பூர்

*

அன்புள்ள சகோதரிக்கு,

தம்பி பொய் சொல்லவில்லை. முதலில் அதை நம்புங்கள். நான் பதினோரு வருடம் மாலை நேரங்களில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கும் அறிவியலும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். "தெரியும், ஆனா மறந்துடுது" என்று சொல்லாத பிள்ளைகள் ரொம்பக் குறைவு.

அப்படிச் சொன்னவர்களில் ஒரு பெண்ணை இப்போதும் ஞாபகம் இருக்கிறது. மின்னோட்டவியல் பாடம் முழுக்க மஞ்சள் ஹைலைட்டர் போட்டு வைத்திருந்தாள். "பக்க இணைப்பு தெரியுமா?" என்றேன். மின்தடைகளை ஒன்றன்பின் ஒன்றாக இல்லாமல் பக்கம் பக்கமாக இணைப்பது அது. "நல்லாத் தெரியும் சார்" என்றாள். சரி, புத்தகத்தை மூடிவிட்டு, 6 ஓமும் 3 ஓமும் பக்க இணைப்பில் இருந்தால் மொத்த மின்தடை எவ்வளவு என்று எழுதச் சொன்னேன். ஆறில் ஒன்று, மூன்றில் ஒன்று, கூட்டினால் இரண்டில் ஒன்று. கடகடவென்று எழுதி, ½ ஓம் என்று விடைக்கு அடியில் கோடும் போட்டுவிட்டாள். அதைத் தலைகீழாகத் திருப்பினால்தான் விடை, 2 ஓம். அந்தக் கடைசி வரி அவள் நோட்டில் இல்லை. புத்தகத்தில் அதே மாதிரிக் கணக்கை நாலைந்து தடவையாவது பார்த்திருப்பாள். அச்சில் அந்த வரி இருக்கிறது, கண் அதன் மேல் ஓடிவிடுகிறது, மனம் "ஆமாம், இது தெரிந்ததுதான்" என்று சொல்லிக்கொள்கிறது. வெள்ளைத் தாளில் எழுதும்போதுதான் அந்த வரி தன்னிடம் இல்லை என்பதே அவளுக்குத் தெரிந்தது. அன்றைக்கு அவள் முகம் விழுந்துவிட்டது. ஆனால் அதற்கப்புறம் அந்தத் தப்பை ஒரு தடவைகூட அவள் செய்யவில்லை.

உங்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. ஓவர்லாக் மெஷினுக்கு நூல் கோக்கும் வரிசையை, பக்கத்தில் நின்று பத்து நாள் பார்த்துவிட்டா கற்றுக்கொண்டீர்கள்? கோத்து, நூல் அறுந்து, மறுபடி கோத்து, வேஸ்ட் துணியில் நாலு பீஸ் ஓட்டிப் பார்த்த பிறகுதானே கை பழகியது. தம்பி இத்தனை நாளாக மெஷின் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருக்கிறான். அவ்வளவுதான் பிரச்சினை.

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வு அது. மாணவர்களில் ஒரு பிரிவினர் ஒரு சிறிய பகுதியைத் திரும்பத் திரும்ப நான்கு முறை உட்கார்ந்து படித்தார்கள். இன்னொரு பிரிவினர் ஒரு முறை மட்டும் படித்துவிட்டு, மூன்று முறை தாளை மூடிவைத்து ஞாபகம் இருப்பதை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது நான்கு முறை படித்தவர்கள்தான் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது கதை மாறிவிட்டது. படித்துக்கொண்டே இருந்தவர்களுக்கு நூற்றுக்கு 40 அளவுதான் நினைவில் இருந்தது. எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. "எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கும்" என்று அதிக நம்பிக்கையோடு சொன்னவர்கள் நான்கு முறை படித்தவர்கள்தான். தம்பி "எல்லாம் தெரியும்மா" என்று சொல்வது இதே நம்பிக்கையில்தான்.

நம் பக்கத்தில் இது பழைய விஷயம். நன்னூலில் பவணந்தி முனிவர் பாடம் கேட்கும் முறையைச் சொல்லும் இடத்தில் "கேட்டவை நினைத்தல்" என்று ஒன்று வருகிறது. "வினாதல், வினாயவை விடுத்தல்" என்றும் வருகிறது. கேட்டதை நினைத்துப் பார், கேள்வி கேள், கேட்ட கேள்விக்குப் பதில் சொல். உங்கள் வீட்டில் இந்தப் பத்து நாளும் நடக்க வேண்டியது இதுதான்.

இதை அரையாண்டுக் கேள்வித்தாளில் தொடங்குங்கள். திருத்திய விடைத்தாள் பள்ளி திறந்த பிறகுதான் கைக்கு வரும், ஆனால் கேள்வித்தாள் தம்பியின் பையில்தான் கசங்கிக் கிடக்கும். அதை எடுத்து, ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் அவனையே குறி போடச் சொல்லுங்கள்: எழுதினேன், பாதி எழுதினேன், தொடவே இல்லை. அவன் குறி போடும்போது அப்பா பக்கத்தில் இருக்க வேண்டாம். திட்டு விழும் என்று தெரிந்தால் எந்தப் பிள்ளையும் உண்மையான குறியைப் போடாது. "பாதி எழுதினேன்" என்று குறித்தவற்றிலிருந்து ஆரம்பிக்கட்டும். அங்கேதான் மதிப்பெண் சீக்கிரம் ஏறும்.

அப்புறம் ஒரு காலி டப்பா எடுத்துக்கொள்ளுங்கள். பழைய நோட்டுத் தாள்களைச் சின்னச் சின்னதாகக் கிழித்து, ஒரு சீட்டில் ஒரு கேள்வி என்று அவன் எழுதட்டும். கணக்கு, இயற்பியல், உயிரியல், சமூக அறிவியல் எல்லாம் கலந்து. முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் புத்தகத்தின் பக்க எண் மட்டும். விடை வேண்டாம், விடை இருந்தால் மறுபடியும் படிக்க ஆரம்பித்துவிடுவான். கலந்து போடச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரே பயிற்சியில் இருபது கணக்கை வரிசையாகப் போட்டால், முதல் கணக்குக்கு எந்தச் சூத்திரமோ அதையே இருபதுக்கும் போட்டுக்கொண்டு போகலாம். யோசிக்கவே வேண்டாம். பரீட்சையில் இது எந்தப் பாடத்துக் கணக்கு என்று யாரும் சொல்லித் தர மாட்டார்கள். அதை அடையாளம் கண்டுபிடிப்பதே பாதி வேலை.

உங்கள் வேலை இங்கேதான் வருகிறது. வேலை முடிந்து வந்து டீ குடிக்கிற நேரத்தில் டப்பாவிலிருந்து ஒரு சீட்டை எடுத்துக் கேள்வியை வாசியுங்கள். அவன் வாயால் சொல்லட்டும், அல்லது எழுதட்டும். பிறகு புத்தகத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்து, அவன் எழுதியதையும் புத்தகத்தையும் வரிக்கு வரி ஒப்பிட்டுப் பாருங்கள். உங்களுக்குப் பாடம் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. ஒரு வரி விட்டுப்போனால் "இங்க ஒண்ணு இருக்கே, அங்க காணோமே" என்று கேட்டால் போதும். தைத்த பீஸில் ஒரு தையல் விட்டிருந்தால் உங்கள் கண்ணுக்குத் தப்புமா? புரியாவிட்டால், "எனக்குப் புரியற மாதிரி சொல்லுடா" என்று கேளுங்கள். ஒன்பதாவது வரை படித்த அம்மாவுக்கு விளக்கிச் சொல்லும்போது, தனக்கு எங்கே புரியவில்லை என்பது அவனுக்கே பிடிபடும்.

சரியாகச் சொன்ன சீட்டை மூன்று நாள் கழித்து மறுபடி எடுங்கள். தப்பானதை அடுத்த நாளே. மூன்று நாளில் கொஞ்சம் மறந்திருக்கும், மறக்கட்டும். மறக்கத் தொடங்கியதைச் சிரமப்பட்டு மீட்டு எடுத்தால்தான் அது மனதில் உறுதியாகத் தங்கும்.

கணக்குக்கு மட்டும் ஒரு தனி வார்த்தை. அந்தத் தாளில் வடிவியல் வரைதல் ஒன்று, வரைபடம் ஒன்று, தலா 8 மதிப்பெண். இரண்டும் சேர்ந்தால் 16. 41 வாங்கும் பிள்ளைக்கு இது பெரிய தொகை. வடிவொத்த முக்கோணமோ வட்டத்துக்குத் தொடுகோடோ, தினமும் காம்பஸை எடுத்து ஒன்று வரையட்டும். பார்த்து வரையக் கூடாது. உதவிப் படத்தையும் சேர்த்து வரையட்டும். ஒரு மார்க் கேள்விகள் 14 இருக்கின்றன, அவையெல்லாம் டப்பாவுக்குப் போகட்டும்.

டியூஷன் பற்றிக் கேட்டீர்கள். பன்னிரண்டு மணி நேர டியூஷனுக்கு அனுப்பாதீர்கள் என்றுதான் சொல்வேன். அத்தனை நேரமும் யாரோ போடுகிற கணக்கைப் பார்த்து எழுதிக்கொண்டிருப்பான். அதைத்தான் இப்போதே வீட்டில் செய்துகொண்டிருக்கிறான். காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் ஒன்றரை மணி நேரம், புத்தகத்தை மூடிவைத்து எழுதிப் பார்த்தால் போதும். நடுவில் கிரிக்கெட் ஆடப் போகட்டும். அந்த மூன்றரை மணி நேரம் மட்டும் போன் உங்கள் கைப்பையிலோ பக்கத்து வீட்டிலோ இருக்கட்டும். இரவு பத்து மணிக்குப் படுக்கச் சொல்லுங்கள். தூங்காத பிள்ளைக்குப் படித்தது நிற்காது.

முதல் இரண்டு நாள் அவனுக்குப் பிடிக்காது, இதையும் சொல்லிவிடுகிறேன். படிப்பது சுகம், எழுதிப் பார்ப்பது கஷ்டம். பத்துச் சீட்டில் ஏழு தப்பாகும். "எனக்கு எதுவுமே தெரியலை" என்று டப்பாவைத் தள்ளிவிடுவான். அப்போது அவன் அப்பா, "மார்ச்சுல தெரியறதுக்குப் பதிலா இப்பவே தெரிஞ்சுது, நல்லதுதான்டா" என்று ஒரு வார்த்தை சொன்னால் எவ்வளவோ தைரியம் வரும். இந்தக் கடிதத்தை அவரிடமும் வாசித்துக் காட்டுங்கள். அவர் கோபம் பயத்தில் வருவது. அது எனக்குப் புரிகிறது, தம்பிக்குப் புரியாது.

பொங்கல் லீவிலும் அந்த டப்பாவை வெளியே எடுங்கள். ஜனவரியில் முதல் ரிவிஷன் டெஸ்ட் முடிந்ததும் எனக்கு எழுதுங்கள். மதிப்பெண்ணோடு, டப்பாவில் இன்னும் எத்தனை சீட்டு தப்பாகவே வந்துகொண்டிருக்கிறது என்பதையும் எழுதுங்கள். என்னென்ன கேள்விகள் என்று குறிப்பிட்டால், அவற்றுக்கு நானே தம்பிக்குத் தனியாக எழுதுகிறேன்.