ஆர்மேனியாவின் ‘ஏ1 பிளஸ்’ சேனல் யாருக்குச் சொந்தம்? அது ஏன் டிவியிலிருந்து காணாமல் போனது?

சுருக்கமான பதில்: மெல்டெக்ஸ் என்ற கம்பெனிக்குச் சொந்தம். அதை நடத்தியவர் மெஸ்ரோப் மொவ்செஸ்யான் என்ற பத்திரிகையாளர். இந்தச் சேனலைப் பொறுத்தவரை முதலாளி யார் என்பதில் என்றைக்குமே சண்டை வந்ததில்லை. அலைவரிசை யார் கையில் என்பதில்தான் வந்தது.

எம்பிபிஎஸ் படிக்க 2011இல் ஆர்மேனியத் தலைநகர் யெரெவான் போனவன் நான். முதல் வருஷம் ஹாஸ்டல். அது ஒத்துவராமல், அடுத்த வருஷம் மூன்று பேர் சேர்ந்து ஒரு பாட்டி வீட்டில் அறை எடுத்தோம். ஆர்மேனிய மொழியில் பாட்டிக்குத் ‘தாத்திக்’. பாட்டியைப் போய்த் தாத்தா என்கிறார்களே என்று முதல் வாரம் முழுக்கச் சிரித்தோம். தாத்திக் சமையலறையில் ‘ஜஸ்வே’ என்ற நீளக் கைப்பிடிச் செம்பில் காபி போடுவார். நுரை பொங்கி விளிம்பைத் தொடும் நேரத்தில் உள்ளே டிவியில் செய்தி ஆரம்பித்தால் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்து உட்கார்ந்துகொள்வார். சரியாக 20 நிமிஷம் பார்ப்பார். செய்தி முடிந்த கையோடு டிவியை நிறுத்திவிடுவார். அதே சேனலில் அடுத்து என்ன ஓடினாலும் அவருக்குக் கவலையில்லை.

சேனலின் பெயர் ஆர்ம்நியூஸ். ஆனால் அந்த 20 நிமிஷம் மட்டும் ஏ1 பிளஸ் தயாரித்தது. நிகழ்ச்சியின் பெயர் ‘ஐப்-ஃபே’, அவர்கள் நெடுங்கணக்கின் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும். நம் வழக்கில் சொன்னால் ‘அ முதல் ஃ வரை’. சொந்த சேனல் வைத்திருந்தவர்கள் ஏன் அடுத்தவர் சேனலில் ஒண்டுக்குடித்தனம் இருக்கிறார்கள் என்று தாத்திக்கிடம் கேட்டேன். அன்று காபி ஆறியே போனது.

ஏ1 பிளஸ் தொடங்கியது 1991இல், சோவியத் ஒன்றியம் உடைந்த அதே வருஷம். 1995இல் நாடாளுமன்றத் தேர்தல் வந்தபோது, அரசுக்குச் சாதகமான செய்தியை மட்டுமே போட வேண்டும் என்றதற்கு மறுத்ததால் முதல் தடவை நிறுத்தி வைத்தார்கள். அப்போது ஜனாதிபதி லெவோன் தெர்-பெட்ரோஸ்யான். பிறகு 1997இல் ஐந்து வருஷ உரிமம் கிடைத்தது. ஊழல், தேர்தல் குளறுபடி எதையும் விடாமல் போட்டதால் யெரெவானில் செய்தி என்றாலே ஏ1 பிளஸ் என்று ஆனது.

ஐந்து வருஷம் முடிந்ததும் அலைவரிசையை ஏலம்போல மறுபடியும் போட்டிக்கு விட்டார்கள். முடிவு செய்வது தொலைக்காட்சி, வானொலிக்கான தேசிய ஆணையம். அதன் உறுப்பினர்கள் அத்தனை பேரையும் நியமித்தது ஜனாதிபதி. அதாவது அந்தச் சேனல் விமர்சித்துக்கொண்டிருந்த அதே ராபர்ட் கோச்சர்யான். 2002 ஏப்ரல் 2ஆம் தேதி அலைவரிசை ஷார்ம் என்ற பொழுதுபோக்கு நிறுவனத்துக்குப் போனது. ஆயிரக்கணக்கான பேர் தெருவில் இறங்கினார்கள். தாத்திக்கும் போயிருக்கிறார், முழங்கால் வலியோடு. ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த வருஷம் ஜனாதிபதித் தேர்தல் வந்தபோது ஏ1 பிளஸ் டிவியில் இல்லை. கோச்சர்யான் மறுபடியும் ஜெயித்தார்.

அதன் பிறகு வேறு வேறு அலைவரிசைகளுக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் தோல்வி. மொவ்செஸ்யான் ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார். 2008 ஜூன் 17இல் தீர்ப்பு வந்தது, கருத்துச் சுதந்திரம் மீறப்பட்டிருக்கிறது என்று. எனக்குப் பிடித்த இடம் அதன் காரணம்தான். ஆணையம் ஒவ்வொரு தடவையும் ‘இன்னார் ஜெயித்தார்’ என்று அறிவித்ததோடு சரி, ஏன் இவருக்குக் கொடுத்தோம், ஏன் அவருக்குக் கொடுக்கவில்லை என்று ஒரு வரிகூட எழுதவில்லை. காரணம் சொல்ல வேண்டும் என்று சட்டத்திலும் இல்லை. காரணமே சொல்லாமல் ஒருவரின் வாயை அடைக்கும் அதிகாரத்தைச் சட்டம் என்று ஏற்க முடியாது என்பதுதான் தீர்ப்பின் சாரம். மன உளைச்சலுக்கு 20,000 யூரோ நஷ்டஈடு கொடுக்கச் சொன்னார்கள். பணம் வந்தது, அலைவரிசை வரவில்லை. டிஜிட்டலுக்கு மாறப்போகிறோம் என்று சொல்லிப் புது உரிமங்களையே 2010 வரை நிறுத்தி வைத்தார்கள். அந்த வருஷக் கடைசியில் நடந்த போட்டியிலும் தோற்றார்கள். ஜெயித்தது யார் தெரியுமா? ஆர்ம்நியூஸ். ஆமாம், 2012இல் அவர்கள் 20 நிமிஷம் ஒண்டிக்கொண்ட அதே வீடு.

மற்ற தனியார் சேனல்கள் அப்போது யாருடையவை என்றும் சிலர் கேட்பார்கள். ஆர்மேனியா டிவியில் பணம் போட்டவர் ஜெரார்ட் கஃபேஸ்ஜியான் என்ற அமெரிக்க ஆர்மேனியர். யெரெவானில் காஸ்கேட் படிக்கட்டு போனவர்கள் அவர் பெயரிலுள்ள கலை மையத்தைப் பார்த்திருப்பீர்கள். யெர்கிர் மீடியா தஷ்னாக் என்ற அரசியல் கட்சியின் பக்கம். கென்ட்ரோன் டிவி தொழிலதிபரும் கட்சித் தலைவருமான ககிக் சாருக்யானோடு சேர்த்துப் பேசப்பட்டது. ஷோகாகத் ஆர்மேனியத் திருச்சபை தொடங்கியது.

இந்தப் பட்டியலைவிட எனக்கு முக்கியமாகப் படுவது கியும்ரி நகரத்து காலா டிவி. சின்ன உள்ளூர் சேனல். 2007இல் தெர்-பெட்ரோஸ்யான் எதிர்க்கட்சிக்காரராகத் திரும்பி வந்து பேசிய பேச்சை ஒளிபரப்பினார்கள். (1995இல் ஏ1 பிளஸை நிறுத்தியது இவருடைய ஆட்சிதான். அரசியல்!) சீக்கிரமே வரி அதிகாரிகள் வந்து நின்றார்கள். 2008 மார்ச்சில் நீதிமன்றம் கட்டச் சொன்னது இரண்டரைக் கோடி டிராமுக்கு (ஆர்மேனிய நாணயம்) மேல். சேனல் நேயர்களிடம் கேட்டது. சில நாட்களிலேயே தொகை சேர்ந்துவிட்டது. என் வகுப்புத் தோழன் ஒருவன் கியும்ரிக்காரன். அவன் அப்பா, 1988 நிலநடுக்கத்துக்குப் பிறகு சொந்த வீடே இல்லாதவர், 1,000 டிராம் நோட்டை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தாராம்.

ஒரு இடைச்செருகல். நான் மெட்ராஸ்காரன் என்று சொன்னதும் தாத்திக் “அஸ்தரார்!” என்றார். உலகின் முதல் ஆர்மேனியப் பத்திரிகை அது. 1794இல் நம் சென்னையில் ஹருத்யூன் ஷ்மவோன்யான் என்ற பாதிரியார் அச்சடித்தது. ஆர்மேனியன் தெருவில் எத்தனையோ தடவை பஸ் பிடித்திருக்கிறேன், எனக்குத் தெரியாது. தாத்திக் அதைப் பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறார். அன்றிலிருந்து மூன்று பேரில் எனக்கு மட்டும் காபி கொஞ்சம் கூடுதலாகவே வந்தது.